கழுவிக் காயப்போட்ட பால் பாக்கெட்

அத்தியாயம் 9

கோவிந்தராஜன் எடுத்த போட்டோக்கள் இதுவரை குடும்ப நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன, மாமியார் வீட்டுக்குப் போயிருக்கின்றன, சில சமயம் நேராகக் குப்பைத்தொட்டிக்கும் போயிருக்கின்றன. கொலை வழக்குக்குப் போனது இதுதான் முதல் முறை. போட்டோவில் இருந்த ஸ்னேஹா நேற்றிலிருந்து போலீஸ் காவலில் இருந்தாள். காலையில் அவருக்கு இட்லி தொண்டையில் இறங்காததற்கு அதுதான் காரணம்.

"சாப்பிடுங்க சார். நீங்க பட்டினி கிடந்தா அந்தப் பொண்ணுக்கு ஜாமீன் குடுத்துடுவாங்களா?" என்றாள் நிக்கோல்.

நிக்கோல் அவருடைய உதவியாளர். பெங்களூர் விவேக் நகர்க்காரி. ஒரு பெரிய கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் ஆட்களை வேலையை விட்டு அனுப்பும் வேலை பார்த்தவள். அனுப்புவதற்கு ஆள் தீர்ந்துபோனதும் அவளையே அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஜோகுபாளையத்தில் தையல்கடைக்கு மேலே இருக்கும் கோவிந்தராஜனின் துப்பறியும் நிறுவனத்தில் அவளும் அவள் வாயும் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள்.

நிறுவனத்தில் இரண்டே பிரிவு. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது ஒன்று, கல்யாணத்துக்குப் பின்னால் அதே மாப்பிள்ளையைப் பின்தொடர்வது மற்றொன்று. தாத்தா மைசூர் அரசாங்கத்தில் அமல்தார், அதாவது தாசில்தாராக இருந்தவர், பேரன் ஊரான் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிறான் என்று சொந்தக்காரர்கள் கல்யாணப் பந்தியில் பேசிக்கொள்வார்கள். அந்தக் கல்யாணங்களுக்கெல்லாம் மாப்பிள்ளையை விசாரித்துக் கொடுத்தவரே கோவிந்தராஜன்தான்.

ஸ்னேஹாவின் கேஸைக் கொண்டுவந்தவர் அவளுடைய கணவர் ராம்கி. ஐடி ஆசாமி, வீட்டிலிருந்தே வேலை. பொம்மனஹள்ளியில் அவர் குடியிருக்கும் அபார்ட்மென்டில் குப்பைக் கமிட்டித் தலைவர் என்ற பதவியும் உண்டு. வேலையைவிடப் பதவியைப் பெரிதாக நினைப்பவர். முதல் நாள் அவர் வீட்டுக்குப் போனபோது, சமையலறைக் கொடியில் பால் பாக்கெட்டுகள் கழுவப்பட்டு, கிளிப் போட்டு, கைக்குழந்தை இருக்கும் வீட்டுத் துணி மாதிரி வரிசையாகத் தொங்கின.

"பாக்கெட் மூலையை முழுசா வெட்டவே கூடாது சார்," என்று பாடம் நடத்தினார் ராம்கி. "ஒட்டிக்கிட்டே இருக்கற மாதிரி வெட்டணும். அந்தக் குட்டித் துண்டு தனியா போச்சுன்னா சாக்கடைக்குப் போகும், ஏரிக்குப் போகும், மீன் வயித்துக்குப் போகும்."

மனைவி எங்கே போகிறாள் என்ற கவலை அதற்கப்புறம்தான் வந்தது.

ஸ்னேஹா போனது ஜோகுபாளையத்துக்கு. கோவிந்தராஜனின் ஆபீஸுக்கு அடுத்த தெருவிலேயே, அஷ்வின் என்ற பிரம்மச்சாரியின் மாடி வீட்டுக்கு. வாரத்தில் பாதி நாள் காலையில் போவாள், மத்தியானம் திரும்புவாள். நிக்கோல் ஸ்கூட்டரில் பின்னாலேயே போவாள், அவளுடைய ஸ்கூட்டர் இருக்கும் இடம் நேரலையாக ராம்கியின் போனுக்குப் போய்க்கொண்டிருக்கும். கூடவே போட்டோவும் போகும். பிரீமியம் பேக்கேஜில் இதெல்லாம் அடக்கம்.

முந்தாநாள் சாயங்காலம் அஷ்வின் தன் வீட்டில் செத்துக் கிடந்தான். காபியில் அரளி விதை கலந்திருந்தது என்றார்கள். அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போன ஒரே ஆள் ஸ்னேஹா என்பதற்கு போட்டோவோடு ஆதாரம் இருந்தது. ராம்கியே கண்ணீரோடு அதைப் போலீசில் கொடுத்திருந்தார்.

"ஒண்ணு கவனிச்சியா?" என்றார் கோவிந்தராஜன். "காதலனைப் பார்த்துட்டு வர்ற முகமா அது? ஒவ்வொரு போட்டோவிலயும் கொட்டாவி."

"கல்யாணமே அப்படித்தான் சார் ஆகும்னு கேள்விப்பட்டிருக்கேன். கள்ளக்காதலுமா?"

"கிளம்பு. அவளைப் பார்க்கணும்."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மஞ்சுநாத் அவர்களை மரியாதையாகவே வரவேற்றார். "நிம்ம போட்டோ சூப்பர் சார். இந்த மாதிரி க்ளியரா எங்க கேமராலகூட வராது. கேஸ் முடிஞ்ச மாதிரிதான்."

"புருஷன் அன்னிக்கு எங்க இருந்தார்?"

"வீட்லதான். மத்தியானம் பூரா ஆபீஸ் மீட்டிங். லாகின் எல்லாம் பார்த்தாச்சு."

"கேமரா ஆன்ல இருந்ததா?" என்றாள் நிக்கோல்.

"இல்லையாம். மைக்கும் ஆஃப். ஆனா மீட்டிங்ல இருந்தாராம்."

"அந்த மாதிரி மீட்டிங்ல நான் ஊட்டியே போயிட்டு வந்திருக்கேன் சார்."

மஞ்சுநாத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஸ்னேஹாவோடு பேசுவதற்கு அனுமதித்தார்.

ஸ்னேஹா பெஞ்சில் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்பதற்கு முன்பே பதில் வந்தது. "ஆமா. அஷ்வினுக்கும் எனக்கும் அஃபேர். எழுதிக்குங்க. ஆனா நான் அவனைக் கொல்லல. நான் கிளம்பறப்போ போன்ல பேசிட்டு இருந்தான், கையைக் காட்டினான், வந்துட்டேன்."

கோவிந்தராஜன் கண்ணைக் காட்ட, நிக்கோல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஆட்களை அனுப்புவதற்கு முன்னால் பேசும் அந்த மெல்லிய குரலை எடுத்துக்கொண்டாள்.

"அஷ்வின் பிறந்தநாள் எப்ப மேடம்?"

ஸ்னேஹா விழித்தாள்.

"சரி, அவருக்குப் பிடிச்ச சாப்பாடு?"

"அது... பிரியாணின்னு நினைக்கிறேன்."

"அவரோட மேனேஜர் பேரு?"

"கிரண்."

"கிரணுக்கு மேல?"

"லதா மேடம். பூனா ஆபீஸ்." சொன்ன பிறகுதான் ஸ்னேஹா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பிறந்தநாள் தெரியாது, மேனேஜருக்கு மேனேஜர் வரைக்கும் தெரியும்," என்றாள் நிக்கோல். "காதலிச்சீங்களா, இல்ல அதே டீம்ல இருந்தீங்களா?"

ஸ்னேஹாவின் முதுகு வளைந்தது. அழுகையோடு எல்லாம் வந்தது. அவளுக்கு ஏற்கெனவே ஒரு கம்பெனியில் வேலை. அது போதாதென்று ரகசியமாக இன்னொரு கம்பெனியிலும் சேர்ந்திருந்தாள். இரண்டாவது வேலையை வாங்கிக் கொடுத்தவன் அஷ்வின். வீட்டில் ராம்கி நாள் முழுக்கச் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்திருப்பதால் இரண்டு லேப்டாப்பைத் திறக்க வழியில்லை. அதனால் அஷ்வின் வீட்டுக்கு வந்து, ஆளுக்கொரு மேஜையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க டீம்ல பாதிப் பேரை அனுப்பிட்டாங்க சார். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்னுதான்."

"இதைப் போலீஸ்கிட்டச் சொல்றதுக்கென்னம்மா?"

"சொன்னா ரெண்டு கம்பெனியும் அன்னிக்கே வெளிய தள்ளும். அப்புறம் இந்த ஊர்ல ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. அஃபேர்னா டைவர்ஸோட போயிடும்."

"கொலைக் கேஸ்ல உள்ள இருக்கீங்க!"

"நான் பண்ணலையே சார். அது எப்படியும் தெரிஞ்சுடும். வேலை அப்படித் திரும்பி வராது."

தாலி கட்டியவனுக்குத் துரோகம் செய்தவள் என்ற பேரைச் சுமக்கத் தயார், கம்பெனிக்குத் துரோகம் செய்தவள் என்ற பேர் மட்டும் வேண்டாம். பெங்களூர் எங்கேயோ போய்விட்டது என்று கோவிந்தராஜனுக்குத் தோன்றியது. ஆனால் சிரிப்பு வரவில்லை. தான் எடுத்த போட்டோ ஒரு அப்பாவியை உள்ளே தள்ளியிருக்கிறது, அவளை வெளியே கொண்டுவர வேண்டியதும் தான்தான் என்பது அவருக்கு இப்போது சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"அன்னிக்கு அவ கிளம்பினதும் நீயும் கிளம்பிட்டே இல்ல?" என்று வெளியே வந்ததும் நிக்கோலைக் கேட்டார்.

"பார்ட்டி போனா நாமும் பின்னாலயே போகணும்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க. அவங்க ஆட்டோ, நான் ஸ்கூட்டர், அன்னிக்கு வீட்டுக்கு இல்ல, அவங்க ஆபீஸுக்கு. அப்புறம் அந்த வாசல்ல யானை நுழைஞ்சிருந்தாலும் நமக்குத் தெரியாது."

அஷ்வின் வீட்டுக்குக் கீழே சந்திரம்மாவின் பெட்டிக்கடை. பால், முட்டை, போண்டா எல்லாம் கிடைக்கும். மாடிக்காரர்கள் கயிற்றில் பையைக் கட்டிக் கீழே இறக்குவார்கள், சந்திரம்மா கேட்டதைப் போட்டு அனுப்புவாள்.

"பாவம், தும்ப ஒள்ளே ஹுடுகா," என்று மூக்கைச் சிந்தினாள் சந்திரம்மா. "நல்ல பையன் சார். தினம் 'ஆண்ட்டி'ன்னு கூப்பிடாம இருக்காது."

"அன்னிக்கு ஏதாவது வாங்கினாரா?"

"ஒரு பாலு. அந்தம்மா ஆட்டோ ஏறிப் போன பிறகு. 'ஆண்ட்டி, கெஸ்ட் வந்திருக்காங்க, காபி போடணும்'னு பையை இறக்குச்சு."

கோவிந்தராஜன் நிக்கோலைப் பார்த்தார். "யார் அந்த கெஸ்ட்?"

"நான் எங்க பார்த்தேன்? ஹெல்மெட் போட்டுட்டு ஒருத்தர் மேலே போனாரு. இந்த ஊர்ல ஹெல்மெட்டோட படி ஏறினா டெலிவரிதானே சார். யாரு மூஞ்சியைப் பார்க்கறாங்க?"

மஞ்சுநாத்துக்குப் போன் பறந்தது. அவர் சலித்துக்கொண்டே வந்து, மாடி வீட்டைத் திறந்துவிட்டார்.

அஷ்வின் வீடு பிரம்மச்சாரி வீடுதான், சந்தேகமே இல்லை. குப்பைக்கூடையில் பீட்சா அட்டையும் வாழைப்பழத் தோலும் முட்டை ஓடும் பேட்டரியும் சமரசமாகக் கிடந்தன. பழைய பால் பாக்கெட்டுகளும் இருந்தன, பல்லால் கடித்துப் பிய்த்தவை. சமையலறை மேடை மட்டும் துடைத்து வைத்தது போல இருந்தது. இரண்டு டம்ளர், ஒரு பாத்திரம், எல்லாம் தேய்த்துக் கவிழ்த்திருந்தன.

"எல்லாத்தையும் கழுவிட்டா," என்றார் மஞ்சுநாத். "ஒரு ரேகைகூட இல்லை."

கோவிந்தராஜன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பியில் ஒரு துணிக் கிளிப் மாட்டியிருந்தது. அந்தக் கிளிப்பில் ஒரு பால் பாக்கெட் தொங்கியது. கழுவியிருந்தது. உள்பக்கம்கூடக் காய்ந்திருந்தது. வெட்டிய மூலை விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

நிக்கோல் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஏசப்பா! சார், கொலைகாரன்னா தடயத்தை அழிப்பான். இவன் தடயத்தைக் கழுவிக் காயப்போட்டுட்டுப் போயிருக்கான்."

"கை பழகிப்போச்சு. மனசு கொலையில இருந்தாலும் கை கமிட்டியில இருந்திருக்கு. நீ வாசலை விட்டுக் கிளம்பினதும் ராம்கிக்குப் போன்லயே தெரிஞ்சிருக்கும்."

"விஷம்கூட அரளி விதை. பக்கா ஆர்கானிக்."

விஷயத்தைக் கேட்ட மஞ்சுநாத் நெற்றியைத் தேய்த்தார். "கோவிந்தராஜ் சார், நான் ஜட்ஜ் முன்னாடி போய் நின்னு, பால் பாக்கெட்டை ஒழுங்கா வெட்டினான், அதனால கொலைகாரன்னு சொல்லணுமா? கோர்ட்டே சிரிக்கும். இந்த ஊர்ல இப்படி வெட்டறவங்க ஆயிரம் பேர் இருக்காங்க. வேற ஏதாவது கொண்டு வாங்க."

"கொண்டு வர வேண்டாம். அவர் வாயாலயே வரும். நீங்க மஃப்டியில பின்னாலேயே வாங்க. நிக்கோல் போன் ஆன்லயே இருக்கும்."

ராம்கியும் அவர்களை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கோர்ட்டில் சாட்சி சொல்லும்போது எந்தெந்தப் போட்டோவைக் காட்டுவது என்று பேசிக்கொள்ள வரச் சொல்லியிருந்தார். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது, காதில் ஹெட்போன்.

"உக்காருங்க. மீட்டிங்ல இருக்கேன், மியூட்தான். பேசலாம்." குரலில் துக்கம் அளவாக இருந்தது. "இப்படி ஆகும்னு நான் நினைக்கவே இல்ல சார். தப்பு செஞ்சா தண்டனை அனுபவிச்சுத்தானே ஆகணும்."

"தைரியமா இருங்க," என்றார் கோவிந்தராஜன். "அபார்ட்மென்ட்ல எல்லாரும் பேசுவாங்க."

"பேசட்டும். கொலைகாரி புருஷன்னு பேசுவாங்க. பரவாயில்லை."

"அதைப் பேசலையாம் சார்," என்றாள் நிக்கோல் தயக்கத்தோடு. "குப்பையைப் பத்திப் பேசறாங்களாம்."

ராம்கி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். "குப்பையைப் பத்தி என்ன?"

"அஷ்வின் வீட்டுக் கிச்சன்ல போலீஸ் ஒரு பால் பாக்கெட் எடுத்திருக்காங்களாம். கழுவவே இல்லையாம், ஈ மொய்க்குதாம். மூலைத் துண்டு தனியா சிங்க்ல கிடந்துதாம். அன்னிக்கு அங்க காபி போட்டது உங்க வைஃப்னுதானே கேஸு? தலைவர் வீட்டம்மாவே இப்படின்னா எங்களுக்கு மட்டும் எதுக்கு ஃபைன் போட்டாருன்னு கேக்கறாங்களாம்."

"யாரு? சி பிளாக்தானே?"

"புதுத் தலைவரைப் போடணும்னு பேச்சு," என்று பெருமூச்சு விட்டார் கோவிந்தராஜன். "பாவம், ஸ்னேஹாவுக்கு நீங்க சரியாச் சொல்லித் தரலை போலிருக்கு."

ராம்கியின் கழுத்து நரம்பு புடைத்தது. மனைவியைக் கொலைகாரி என்றபோது அசையாத முகம் இப்போது சிவந்துபோனது. "நான்சென்ஸ். கழுவாத பாக்கெட்னு எவன் சொன்னான்?"

"போட்டோ இருக்காம் சார்."

"இருக்கவே முடியாது!"

"ஏன் சார்?"

"ஏன்னா அது கழுவித்தான் இருந்தது! ரெண்டு தடவை கழுவி, ஜன்னல் கம்பில கிளிப் போட்டு... மூலை ஒட்டிக்கிட்டுதான் இருந்தது, நானே பார்த்து..."

வாக்கியம் பாதியில் நின்றது. மேஜையில் கிடந்த ஹெட்போனிலிருந்து யாரோ மெல்லிய குரலில் சொன்னார்கள்: "ராம்கி, உங்க மைக் ஆன்ல இருக்கு."

ஹெட்போனைக் கழற்றிய வேகத்தில் பட்டன் அழுந்திவிட்டது போலிருக்கிறது. எந்த மீட்டிங்கில் இருந்ததாகச் சொல்லித் தப்பித்தாரோ, அந்த மீட்டிங்கே இன்று உட்கார்ந்து வாக்குமூலம் கேட்டுக்கொண்டிருந்தது. நிக்கோல் லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

ராம்கி ஓடவில்லை. நாற்காலியில் சரிந்தார். "அவன் சிரிச்சான் சார். கதவைத் திறந்ததுமே சிரிச்சான். 'வாங்க சார், ஸ்னேஹா உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கா'ன்னான். போன்ல பேசிக்கிட்டே கடைக்காரம்மாகிட்ட பால் வாங்கினான். 'சாரி சார், காபி மட்டும் நீங்களே போட்டுடறீங்களா, கால் முடிச்சுட்டு வந்துடறேன்'னான். என் பொண்டாட்டியையும் வெச்சுக்கிட்டு, என்னையே காபி போடச் சொல்றான்."

"அவங்க ரெண்டு பேரும் வேலை பார்த்துக்கிட்டு இருந்தாங்க ராம்கி," என்றார் கோவிந்தராஜன். "உங்களுக்குத் தெரியாம ரெண்டாவது கம்பெனி. வேற எதுவும் இல்லை."

ராம்கி போனை எடுத்து, ஒரு செய்தியைத் தேடித் திருப்பிக் காட்டினார். அஷ்வின் வீட்டு வாசலில் ஸ்னேஹா நிற்கும் போட்டோ. அதன் கீழே கோவிந்தராஜன் கைப்பட அனுப்பியது: *சந்தேகம் உறுதி.*

"நீங்கதானே எழுதினீங்க? உறுதி இல்லாம ஏன் சார் உறுதின்னு எழுதினீங்க?"

எல்லா வாடிக்கையாளருக்கும் அவர் அதைத்தான் எழுதுவார். சந்தேகம் வீண் என்று கேட்பதற்காக யாரும் துப்பறிவாளனிடம் வருவதில்லை. உறுதி என்று எழுதினால் அடுத்த மாதம் அவர்களே இன்னொருவரை அனுப்பி வைப்பார்கள். தொழிலில் அது ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான். அதை இப்போது ராம்கியிடம் சொல்லக் கோவிந்தராஜனுக்கு வாய் எழவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

மஞ்சுநாத் மூச்சு வாங்க உள்ளே வந்தார். கேட்டில் இருந்த செக்யூரிட்டி, மொபைல் ஆப்பில் அனுமதி வராமல் உள்ளே விட மாட்டேன் என்று தடுத்து வைத்திருக்கிறான். போனில் எல்லாவற்றையும் அவரோடு சேர்ந்து அந்த செக்யூரிட்டியும் கேட்டிருந்தான்.

சாயங்காலம் ஸ்னேஹா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாள். கோவிந்தராஜன் மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றார். அவள் கேட்டுக்கொள்ளத் தயாராக இல்லை.

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். அஷ்வினோட அம்மா ஆம்பூர்லேர்ந்து வந்து ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்காங்க. அடுத்தவன் பொண்டாட்டியோட இருந்து செத்தான்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்காங்க. அப்படிப்பட்டவன் முகத்துல முழிக்க மாட்டேன், பாடி வேண்டாம்னுட்டாங்களாம். நான் போனா என்னை நம்ப மாட்டாங்க. நீங்க போங்க. உங்க வாயால சொல்லுங்க."

"உங்க ரெண்டாவது வேலையைச் சொல்ல வேண்டியிருக்கும்மா. அப்புறம் அது வெளிய வரும்."

"வரட்டும்," என்றாள் ஸ்னேஹா. "சொல்லுங்க."

பிணவறைக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் அஷ்வினின் அம்மா மரகதம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. கூட வந்த உறவுக்காரர்கள் தள்ளி நின்று ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோவிந்தராஜன் அவள் பக்கத்தில் உட்காரத் தயங்கி, எதிரில் நின்றார்.

"அம்மா, உங்க பையன் மேல ஒரு தப்பும் இல்லை. தப்பு இருக்குன்னு எழுதினவன் நான். பார்க்காம எழுதினேன். அதை நம்பித்தான் ஒருத்தன் இதைச் செஞ்சுட்டான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு எதுக்கு வந்துச்சு?"

"வேலை பார்க்க. அந்தப் பொண்ணுக்கு ரகசியமா ஒரு ரெண்டாவது வேலை, உங்க பையன் வாங்கிக் கொடுத்தது. ரெண்டு பேரும் அங்க உக்காந்து வேலைதான் பார்த்தாங்க."

"வேலையா பார்த்தான்?"

"வேலைதாம்மா பார்த்தான்."

மரகதம் துணிப்பையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எங்கே வெச்சிருக்காங்க எம்புள்ளையை? கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

கோவிந்தராஜன் கதவைத் திறந்துவிட்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.